கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்: கல்விக்கூடங்களுக்கு நடுவே ஒரு பகல் நடை – முழுமையான வழிகாட்டி

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு மணி நேரம் பழைய புத்தகங்களைப் புரட்டிவிட்டு, காபி ஹவுஸில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், அந்தக் கடைகள் எந்தக் கல்விக்கூடங்களின் நிழலில் முளைத்தனவோ அவற்றைப் பார்க்காமல் வருவது பெரிய இழப்பு. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு மருத்துவக் கல்லூரி, ஒரு பல்கலைக்கழகம், ஒரு சமஸ்கிருதக் கல்லூரி, இந்தியாவின் முதல் நவீனக் கல்லூரிகளில் ஒன்று, அவற்றோடு இரண்டு பழம்பெரும் பள்ளிகள் என எல்லாம் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்றின் குறையைச் சுட்டிக்காட்டியோ, ஒன்றை வெளிப்படையாக எதிர்த்தோதான் இவற்றில் பல தோன்றின. எதைக் கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் நடந்த வழக்கின் சாட்சிகள் இந்தத் தெருவில் கட்டடங்களாக நிற்கின்றன. அந்த வழக்கைப் பின்தொடர்ந்து, தெற்கிலிருந்து வடக்கே நடக்கும்படி இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

புறப்படும் முன்

திங்கள் முதல் சனி வரையிலான ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். கல்லூரி வாசல்களும் அடைத்திருக்கும். கடைகள் காலை 10 மணிக்குப் பின்னரே ஒவ்வொன்றாகத் திறக்கும் என்பதால், ஒன்பது அல்லது ஒன்பதரை மணிக்கு நடையைத் தொடங்கினால் முற்பகலில் கட்டடங்களையும் பிற்பகலில் புத்தகங்களையும் பார்ப்பதற்கு வசதியாக இருக்கும். இடையில் உட்காரும் நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குவது நல்லது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கம் சென்னைவாசிகளுக்கே கடுமையாகப்படும். மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது புதிதல்ல. 2020 மே மாதம் ஆம்பன் புயல் அடித்தபோது கடைகளிலிருந்த புத்தகங்கள் தெருவில் மிதந்தன. துர்க்கா பூசையை ஒட்டிக் கல்வி நிறுவனங்களுக்கு நீண்ட விடுமுறை உண்டு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏப்ரல் நடுவில் வரும் வங்கப் புத்தாண்டு நாளில் நீங்கள் அங்கே இருக்க நேர்ந்தால் அது நல்வாய்ப்பு. நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வரும் அந்த நாளில் பதிப்பாளர்கள் புதிய நூல்களை வெளியிட்டு, எழுத்தாளர்களையும் வாசகர்களையும் கடைக்கு அழைத்து இனிப்பு கொடுத்து உபசரிப்பார்கள்.

அடையாள அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பல்கலைக்கழக வாசல்களில் காவலர்கள் கேட்பார்கள். சில்லறை நோட்டுகளும், கனம் தாங்கும் துணிப்பை ஒன்றும், தண்ணீர் பாட்டிலும் போதும். இந்தியோ ஆங்கிலமோ தெரிந்தால் பேச்சு வார்த்தைக்குத் தடையிருக்காது. கடைக்காரரை "தாதா" (வங்க மொழியில் அண்ணன்) என்று விளித்துப் பேசத் தொடங்குவது அங்கே மரியாதையும் வழக்கமும் ஆகும்.

முதல் நிறுத்தம்: பௌபஜார், எண் 210

மெட்ரோவில் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பிபின் பிஹாரி கங்குலி தெருவில் கிழக்கு நோக்கி நடக்க வேண்டும். நகைக்கடைகள் நிறைந்த இந்தத் தெருவை உள்ளூர் மக்கள் இன்றும் பௌபஜார் என்றே சொல்கிறார்கள். இதன் 210-ஆம் எண்ணில் தற்போது கோயங்கா வணிகவியல் கல்லூரி இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகள் யாரும் நின்று பார்க்காத இந்த முகவரியிலிருந்து நடையைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார், இந்தியர்கள் தங்கள் பணத்தில், தங்கள் பொறுப்பில் அறிவியல் ஆய்வு செய்ய ஓர் இடம் வேண்டும் என்று வாதாடி, 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை இந்த முகவரியில் நிறுவினார். ஆய்வுக் கூடம் எழுந்ததே தவிர, அதைப் பயன்படுத்துவோர் வெகு சிலராகவே இருந்தனர். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்த திருச்சிராப்பள்ளி இளைஞர் சி.வி. ராமன், டிராமில் போகும்போது இந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கி உள்ளே போனார். அலுவலகத்துக்கு முந்திய காலை நேரத்தையும் அலுவலகம் முடிந்த மாலை நேரத்தையும் ஆண்டுக்கணக்கில் இங்கேயே செலவழித்தார். 1917-இல் அதிகச் சம்பளம் தந்த அரசுப் பதவியை விட்டுவிட்டுக் கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் என்ற வள்ளலின் பெயரில் அமைந்த பேராசிரியர் பொறுப்பை ஏற்றபோதும் ஆய்வை இங்கே தொடர்ந்தார். அவருடைய பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவு 1928 பிப்ரவரி 28 அன்று இந்த முகவரியில்தான் கண்டறியப்பட்டது. நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுவது அந்த நாளையே. அந்த ஆய்வில் உடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டதால் இங்கே பார்ப்பதற்கு ஆய்வுக்கருவி எதுவும் இல்லை. என்றாலும், நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் நிகழ்வு எந்தச் சந்தடிக்கு நடுவே நடந்தது என்பதை நேரில் உணர இரண்டு நிமிடம் நின்றால் போதும்.

மருத்துவக் கல்லூரி

பௌபஜாரிலிருந்து காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குள் வடக்கே திரும்பியதும் இடது பக்கம் மருத்துவக் கல்லூரியின் நீண்ட சுற்றுச்சுவர் தொடங்கும். கதவிலக்கம் 88. இங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல எண்கள் குறைந்துகொண்டே வரும்: பல்கலைக்கழகம் 87/1, ஹேர் பள்ளி 87, பிரசிடென்சி 86/1. கைப்பேசியின் வரைபடம் குழப்பினாலும் இந்த எண்கள் வழிகாட்டும்.

1835 ஜனவரி 28 அன்று தலைமை ஆளுநர் வில்லியம் பென்டிங்கின் ஆணையால் தொடங்கப்பட்டது இந்தக் கல்லூரி. சென்னை மருத்துவக் கல்லூரி அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று தொடங்கப்பட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே வாரத்துக்குள் இரு நகரங்களிலும் ஐரோப்பிய மருத்துவக் கல்வி அடியெடுத்து வைத்தது தெரியவரும். அதற்கு முன் சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதராசாவிலும் மரபு மருத்துவத்தோடு சேர்த்து நடந்துவந்த மருத்துவ வகுப்புகள் மூடப்பட்டன. அப்படி மூடப்பட்ட வகுப்பில் ஆயுர்வேதம் கற்பித்துக்கொண்டிருந்த மதுசூதன் குப்தா, புதிய கல்லூரிக்கு வந்துசேர்ந்து, சாதிக் கட்டுப்பாடு பிணத்தைத் தொடுவதையே தடுத்த காலத்தில், 1836-இல் மாணவர்களோடு மனித உடலை அறுத்து உடற்கூறு கற்றார். அன்று வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைச் செவிவழிச் செய்தியாக மட்டும் கொள்வது நல்லது. சமஸ்கிருதப் பண்டிதர் ஒருவரே அந்தக் கத்தியைக் கையில் எடுத்தார் என்பது பீரங்கியைவிட முக்கியமான செய்தி. பழமைக்கும் புதுமைக்கும் நடுவே கோடு கிழித்து இந்தத் தெருவைப் புரிந்துகொள்ள முயல்பவர்களுக்கு அவர் ஒருவரே போதிய மறுப்பு.

வளாகத்துக்குள் நுழைந்தால், அகன்ற படிக்கட்டுகளும் உயர்ந்த கொரிந்தியத் தூண்களும் கொண்ட பழைய மருத்துவமனைக் கட்டடத்தைக் காணலாம். 1848-இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசி அடிக்கல் நாட்டி, 1852-இல் திறக்கப்பட்டது அது. இன்றும் நாள்தோறும் பெருங்கூட்டம் வந்துபோகும் அரசு மருத்துவமனை இது என்பதால், படிக்கட்டில் காத்திருக்கும் நோயாளிகளையும் உறவினர்களையும் படமெடுக்காமல், வழிமறிக்காமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வெளியேறுங்கள். 1884-இல் கல்லூரி நிர்வாகத்தினரின் எதிர்ப்பைத் தாண்டி இங்கே சேர்ந்த முதல் மாணவி காதம்பினி கங்குலி. அவருடைய கதை வடக்கே வேறொரு கட்டடத்தில் தொடங்குகிறது. இறுதியில் அங்கே போவோம்.

பல்கலைக்கழகம்

மருத்துவக் கல்லூரியைக் கடந்ததும் கொல்கத்தா பல்கலைக்கழகம். சிப்பாய்ப் புரட்சி வெடித்த 1857-ஆம் ஆண்டின் ஜனவரி 24 அன்று இது நிறுவப்பட்டது. ஜூலையில் மும்பையும் செப்டம்பரில் சென்னையும் தொடர்ந்தன. தொடக்கத்தில் இங்கே வகுப்பு எதுவும் நடக்கவில்லை. கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் அளிப்பது மட்டுமே இதன் வேலை. 1858-இல் முதன்முதலாகப் பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் பங்கிம் சந்திர சட்டர்ஜி.

தேர்வு நடத்தும் அலுவலகமாக இருந்ததைக் கற்பிக்கும், ஆராயும் பல்கலைக்கழகமாக மாற்றியவர் ஆசுதோஷ் முகர்ஜி. 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தராக இருந்த அவர், வள்ளல்களிடம் பணம் திரட்டிப் பேராசிரியர் பதவிகளை உருவாக்கி, நாடெங்கும் தேடி ஆள் சேர்த்தார். ராமனை நிதித்துறையிலிருந்து அழைத்து வந்தவர் அவரே. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனை 1921-இல் தத்துவப் பேராசிரியராக்கியதும் அவர் காலத்தில்தான். 1919-இல் இந்திய மொழிகளுக்கு முதுகலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. மேகநாத் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தபோது, அதை 1920-இல் நூலாக வெளியிட்டதும் இந்தப் பல்கலைக்கழகம்தான். இருபதுகளின் நடுவயதில் இருந்த இரண்டு ஆசிரியர்களின் துணிச்சலுக்கு ஒரு பல்கலைக்கழகம் அச்சேற்றிப் பெருமை சேர்த்தது.

தெருவைப் பார்த்து நிற்கும் நூற்றாண்டுக் கட்டடத்தின் இடத்தில் முன்பு பெருந்தூண்களோடு செனட் மண்டபம் நின்றது. 1932 பிப்ரவரி 6 அன்று அந்த மண்டபத்தில் நடந்த பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற வந்திருந்த பீனா தாஸ், ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். குறி தவறியது, அவருக்கு ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1960-இல் மண்டபத்தை இடித்துவிட்டார்கள். சென்னையின் செனட் மாளிகை இன்னும் நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே வெறும் செவ்வகமாக எழுந்துள்ள கட்டடத்தைப் பார்க்கும்போது மனம் வலிக்கத்தான் செய்யும்.

அதே நூற்றாண்டுக் கட்டடத்துக்குள் இருக்கும் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். 1937-இல் தொடங்கப்பட்ட இது இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் அமைத்த முதல் பொது அருங்காட்சியகம். வங்கத்தை ஆண்ட பால வம்சத்து மன்னர் காலச் சிற்பங்கள், காளிகாட் ஓவியங்கள், பழந்துணிகளை அடுக்கித் தைத்த காந்தா வேலைப்பாடுகள் எனப் பல இருந்தாலும், வங்கத்தின் தொல்லியல் களமான சந்திரகேதுகரில் கிடைத்த சுடுமண் உருவங்களின் முன்னால் நேரம் எடுத்து நில்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் மண் தகடுகளில் பெண்ணுருவங்களின் கொண்டை ஊசிகள் வரை தனித்தனியாகத் தெரியும். பல்கலைக்கழக வேலை நாட்களிலேயே இது திறந்திருக்கும். வாசலில் காவலரிடம் அருங்காட்சியகத்துக்குப் போவதாகச் சொன்னால் வழிகாட்டுவார்.

ஹேர் பள்ளியும் பிரசிடென்சியும்

பல்கலைக்கழகத்தை அடுத்து, 1818-ஆம் ஆண்டில் தொடங்கிய ஹேர் பள்ளி வரும். வேலை நாளில் வெளியிலிருந்து பார்ப்பதே முறை. அதைத் தாண்டியதும் பிரசிடென்சியின் வாசல்.

1817 ஜனவரி 20 அன்று சித்பூர் சாலையில் ஒரு வாடகை வீட்டில் 20 மாணவர்களோடு இந்துக் கல்லூரி என்ற பெயரில் இது தொடங்கியது. ஐரோப்பிய அறிவியலையும் ஆங்கிலத்தையும் தம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று விரும்பிய நகரத்துச் செல்வந்தர்கள் பணம் திரட்டி உருவாக்கிய கல்லூரி அது. அரசு பின்னரே உள்ளே வந்தது. இந்துக்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்ற விதி 1855-இல் இது பிரசிடென்சிக் கல்லூரியாக மாறியபோது நீங்கி, எல்லாச் சமயத்தவருக்கும் கதவு திறந்தது. 2010-இல் பல்கலைக்கழகமானது. இப்போது நாம் காணும் முதன்மைக் கட்டடம் 1874-இல் திறக்கப்பட்டது.

காவலரிடம் அனுமதி பெற்று உள்ளே போக முடிந்தால், முதன்மைக் கட்டடத்தின் படிக்கட்டருகே செல்லுங்கள். 1916 பிப்ரவரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் இந்திய மாணவர்களை இழிவாக நடத்தினார் என்ற கோபத்தில் அவரை மாணவர்கள் தாக்கியது அங்கேதான். அதன் தொடர்பில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர் சுபாஷ் சந்திர போஸ். அறிவியல் துறைகளின் பக்கம் நடந்தால் 1913-இல் திறக்கப்பட்ட பேக்கர் ஆய்வகத்தைக் காணலாம். ஜகதீஷ் சந்திர போஸ் 1885 முதல் இந்தக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார்; ஐரோப்பியருக்குத் தந்த சம்பளத்தை இந்தியருக்குத் தர மறுத்ததைக் கண்டித்து மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் வேலை செய்தார். வேதியியலில் பிரபுல்ல சந்திர ராய் இருந்தார். அவர்களிடம் படித்த மாணவர்கள் சாகாவும் சத்தியேந்திரநாத் போஸும். இயற்பியல் பேராசிரியராக இருந்த மகாலனோபிஸ் இங்கே ஓர் அறையில் தொடங்கிய புள்ளியியல் ஆய்வகத்திலிருந்து 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிறந்தது.

ஆயினும் இந்த வளாகத்தின் ஆன்மாவை யாரிடம் தேடுவது என்று கேட்டால், நான் ஹென்றி டெரோசியோவின் பெயரையே சொல்வேன். 1826-இல் இந்துக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. மாணவர்களில் சிலர் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவர்கள். எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கக் கூடாது என்பதே அவருடைய பாடத்தின் சாரம். 1828-இல் அவர் தொடங்கிய விவாத மன்றத்தில் சிலை வழிபாடு, சாதி, பெண்களின் நிலை, கடவுள் உண்டா என்பது வரை எல்லாம் விவாதிக்கப்பட்டன. பெற்றோர் பதறினர், 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு அவரைப் பதவியிலிருந்து விலக வைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் காலராவால் இறந்தபோது அவருக்கு வயது 22. ஐந்தாண்டுகள் மட்டுமே கற்பித்த ஒருவரின் மாணவர்கள் அடுத்த ஐம்பதாண்டு வங்கத்தின் பொதுவாழ்வில் முன்னணியில் நின்றார்கள். வளாகத்தில் உள்ள அரங்கம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கோல்தீகி: குளமும் அதன் கரையும்

பிரசிடென்சிக்கு எதிர்ப்புறம் தெருவைக் கடந்தால் காலேஜ் ஸ்கொயர். நடுவே ஒரு பெரிய குளம். அதனால் மக்கள் வழக்கில் இது கோல்தீகி. காலையில் நீச்சல் பயிலும் பிள்ளைகளையும், கரையில் நாளிதழ் படிக்கும் முதியவர்களையும் பார்க்கலாம். நடையின் பாதித் தூரம் முடிந்திருக்கும் என்பதால் இங்கே அரை மணி நேரம் உட்காருங்கள். வழக்கின் மையமான சாட்சிகள் இந்தக் குளத்தைச் சுற்றியே இருக்கிறார்கள்.

முதலில் டேவிட் ஹேரின் சமாதியைத் தேடிப் பாருங்கள். அவருடைய மார்பளவுச் சிலை அடையாளம் காட்டும். ஸ்காட்லாந்திலிருந்து 1800-இல் கடிகாரம் செய்யும் தொழிலாளியாக வந்த ஹேர், தொழிலில் ஈட்டியதையெல்லாம் பள்ளிகளுக்கும் பாடநூல்களுக்கும் செலவழித்தார். அவருடைய பல்லக்கின் பின்னால் பள்ளியில் இடம் கேட்டு ஏழைப் பிள்ளைகள் ஓடுவது அந்நாளில் அன்றாடக் காட்சி. 1842 ஜூன் 1 அன்று காலராவால் அவர் இறந்தபோது, சமய நம்பிக்கை இல்லாதவர் என்று கருதப்பட்டதால் கிறித்தவ இடுகாட்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தாம் உருவாக்கிய கல்விக்கூடங்களின் எதிரே அடக்கம் செய்யப்பட்டார்.

அடுத்தது குளத்தின் வடக்கே, பங்கிம் சட்டர்ஜி தெருவின் முதல் இலக்கத்தில் உள்ள சமஸ்கிருதக் கல்லூரி. அரசு இதைத் தொடங்கத் திட்டமிட்டபோது, 1823 டிசம்பரில் ராம்மோகன் ராய் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இலக்கண நுணுக்கங்களிலும் வேதாந்தச் சர்ச்சைகளிலும் இளைஞர்களின் பன்னிரண்டு ஆண்டுகளை வீணாக்க வேண்டாம். கணிதம், இயற்பியல், வேதியியல், உடற்கூறியல் ஆகியவற்றைக் கற்பியுங்கள் என்பதே அதன் சாரம். அவரே பெரும் சமஸ்கிருதப் புலமை உடையவர் என்பதால் அந்த எதிர்ப்புக்குத் தனி எடை உண்டு. அரசு அதைப் பொருட்படுத்தாமல் 1824-இல் கல்லூரியைத் தொடங்கியது. 1826-இல் குளக்கரையில் கட்டடம் எழுந்தபோது, நடுப்பகுதி சமஸ்கிருதக் கல்லூரிக்கும் இரு சிறகுகளும் இந்துக் கல்லூரிக்கும் ஒதுக்கப்பட்டன. டெரோசியோவின் குரலும் பாணினி சூத்திரம் ஓதும் குரலும் ஒரே கூரையின் கீழ் ஒலித்த காலம் அது.

இந்தக் கல்லூரியில் படித்து, 1851 முதல் 1858 வரை அதன் முதல்வராக இருந்த ஈசுவர சந்திர வித்யாசாகர், ராம்மோகன் வெளியிலிருந்து கேட்டதை உள்ளிருந்து செய்தார். அந்தணருக்கும் வைத்தியச் சாதியினருக்கும் மட்டும் இருந்த இடத்தை 1851-இல் காயஸ்தருக்கும், 1854-க்குள் பிற சாதி இந்துக்களுக்கும் திறந்தார். ஆங்கிலத்தையும் மேலைத் தத்துவத்தையும் பாடத்தில் சேர்த்தார். திதி பார்த்து விடப்பட்ட விடுமுறையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். சிறிய மாற்றமாகத் தோன்றும் இது, பண்டிதர்களின் நாட்காட்டியையே மாற்றிய செயல். விதவை மறுமணத்துக்குச் சாத்திரங்களிலிருந்தே சான்று தேடி எடுத்தது இந்தக் கல்லூரியின் நூலகத்தில் இரவு பகலாகப் படித்த படிப்பால்தான். 1856-இல் அது சட்டமானது. சதுக்கத்தில் அவருடைய சிலை இருக்கிறது. நான் இந்த நடையில் ஒரே ஓர் இடத்தைத்தான் காட்ட முடியும் என்றால், ஹேரின் சமாதிக்கும் இந்தச் சிலைக்கும் நடுவே உள்ள கரையைக் காட்டுவேன்.

குளத்தின் கிழக்குப் பக்கம் மகாபோதி சங்கத்தின் தர்மராஜிக விகாரை. இலங்கையில் 1891-இல் அநகாரிக தர்மபாலா தொடங்கிய சங்கம் அடுத்த ஆண்டே கொல்கத்தாவுக்குத் தலைமையிடத்தை மாற்றியது. 1920-இல் விகாரை திறக்கப்பட்டது. காலணிகளைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் அமர்ந்து வரலாம். அருகிலுள்ள பாரமவுண்ட் கடை 1918 முதல் சர்பத் விற்றுவருகிறது. இளநீர்ச் சர்பத்தின் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தவர் பிரபுல்ல சந்திர ராய் என்று அங்கே சொல்வார்கள். வழுக்கையோடு தரும் அந்த இளநீர்ச் சர்பத் நண்பகல் வெயிலுக்கு மிகவும் ஏற்றது.

புத்தகக் கடைகள்

வித்யாசாகர் 1847-இல் நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து ஓர் அச்சகத்தையும் புத்தக விற்பனைக் கிடங்கையும் தொடங்கினார். இந்தப் பகுதியின் புத்தக வணிகத்தை அங்கிருந்தே கணக்கிடுவது வழக்கம். 1886-இல் தொடங்கிய தாஸ்குப்தா கடை இன்றும் காலேஜ் ஸ்ட்ரீட்டில் நடக்கிறது.

பிரசிடென்சியின் கம்பிவேலியை ஒட்டி மரப்பலகையும் தகரமும் கொண்டு அமைத்த சிறு கடைகளில் பெரும்பாலும் போட்டித் தேர்வு நூல்களும் மருத்துவ, பொறியியல் பாடநூல்களும் கிடைக்கும். அவற்றைப் பார்த்து ஏமாற்றமடைந்து திரும்பிவிடாதீர்கள். இலக்கியம், வரலாறு, பழைய பதிப்புகள் வேண்டுவோர் பங்கிம் சட்டர்ஜி தெருவுக்கும் சியாமாசரண் தே தெருவுக்கும் போக வேண்டும். அங்குள்ள பதிப்பகக் கடைகளில் நாமே அலமாரியைத் துழாவும் வழக்கம் குறைவு; பெயரையோ ஆசிரியரையோ சொன்னால் பையன் ஒருவர் மாடிக்குப் போய் எடுத்து வருவார். ஆகவே, தேடும் நூல்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். தெருவோரக் கடையிலும் இதே முறைதான் பயன் தரும். கடைக்காரர் இரண்டாயிரம் முதுகுகளுக்கு நடுவே கைவிட்டுச் சரியான புத்தகத்தை உருவி எடுப்பார். தம்மிடம் இல்லையென்றால் நான்கு கடை தள்ளிப் போய் வாங்கி வருவார்.

பழைய புத்தகத்தை வாங்கும்முன் மூன்று இடங்களைப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்பு ஆண்டு இருக்கிறதா, நடுவில் ஏதாவது அச்சுமடி விடுபட்டிருக்கிறதா, எழுத்துகளின் விளிம்பு மங்கலாக இருக்கிறதா. மங்கலாக இருந்தால் அது நகலெடுத்த திருட்டுப் பதிப்பாக இருக்கலாம்; தாளைத் தடவிப் பார்த்தாலே வழவழப்பு காட்டிக்கொடுத்துவிடும். விலை பேசலாம், ஆனால் அட்டைக்குள் பென்சிலால் எழுதிய விலையில் பாதியைக் கேட்பது அங்கே நாகரிகமாகாது. இரண்டு மூன்று நூல்களைச் சேர்த்து வாங்கினால் அவர்களே குறைத்துத் தருவார்கள்.

சிற்றிதழ்களைப் படித்து வளர்ந்தவர்கள் இரண்டு இடங்களுக்குத் தவறாமல் போக வேண்டும். மகாத்மா காந்தி சாலை முனைக்கருகே உள்ள பாதிராம் கடையில் வங்கத்தின் மூலைமுடுக்குகளிலிருந்து வரும் சிற்றிதழ்கள் அடுக்கியிருக்கும். டேமர் லேன் என்னும் சந்தில் சந்தீப் தத்தா 1978-இல் தம் வீட்டிலேயே தொடங்கிய சிற்றிதழ் நூலகம் இருக்கிறது. கொல்கத்தாவின் தேசிய நூலகத்தில் சிற்றிதழ்கள் பாழாவதைக் கண்டு வெகுண்டு அவர் தொடங்கிய சேகரிப்பு அது. மணிக்கொடி முதல் இன்றைய இதழ்கள் வரை தனியொருவர்கள் காப்பாற்றிக் கொடுத்ததால்தான் நமக்கும் மிஞ்சின என்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிறிய அறையின் மதிப்பு விளங்கும்.

காபி ஹவுஸ்

பங்கிம் சட்டர்ஜி தெருவின் 15-ஆம் எண்ணில், புத்தகக் கடைகளுக்கு நடுவே ஏறும் படிக்கட்டு இந்தியன் காபி ஹவுஸுக்குப் போகிறது. மூன்று மணிக்குமுன் போனால் இடம் எளிதாகக் கிடைக்கும். இது பழைய ஆல்பர்ட் மண்டபம். 1876 ஜூலையில் சுரேந்திரநாத் பானர்ஜியும் நண்பர்களும் இந்தியச் சங்கத்தைத் தொடங்கியதும், காங்கிரஸ் தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1883 டிசம்பரில் முதல் தேசிய மாநாட்டைக் கூட்டியதும் இங்கேதான். 1942-இல் காபி வாரியம் இதைக் காபிக் கடையாக்கியது. 1950-களின் இறுதியில் வாரியம் கைவிட்டபோது, ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்தத் தொடங்கினர். இன்றும் அப்படியே நடக்கிறது.

கீழ்த்தளக் கூடத்தில் உட்கார்ந்தால் இரைச்சலின் நடுவில் இருப்பீர்கள். மாடத்தில் உட்கார்ந்தால் கூடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். முதன்முறை போவோருக்கு மாடத்தையே பரிந்துரைப்பேன். விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பணியாளர் வரும் வரை பொறுமையாக இருங்கள். பால் சேர்க்காத காபியை அங்கே "இன்ஃப்யூஷன்" என்று கேட்பார்கள். நம் டிகிரி காபியின் சுவையை எதிர்பார்க்க வேண்டாம். முட்டை மாவின் வலைப்பின்னலுக்குள் பொரித்துத் தரும் கவிராஜி கட்லெட் நன்றாக இருக்கும். ஒரு கோப்பைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழச் சொல்ல மாட்டார்கள். வாங்கிய புத்தகங்களைப் பிரித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் அந்தப் பகுதியில் இல்லை.

வலு இருந்தால் வடக்கே

இத்தோடு முடிப்பவர்கள் மகாத்மா காந்தி சாலையில் மேற்கே சில நிமிடம் நடந்து அதே பெயருள்ள மெட்ரோ நிலையத்தை அடையலாம். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால், சாலையைக் கடந்து பிதான் சரணியில் வடக்கே நடந்து ஹெதுவா வரை செல்லுங்கள். வழியில் டந்தனியா காளி கோயிலும், 'சாதாரண பிரம்ம சமாஜம்' என்ற சமயச் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டுக் கூடமும் வரும்.

ஹெதுவாக் குளத்தின் ஓரத்தில் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. 1830-இல் ஸ்காட்லாந்து மதபோதகர் அலெக்சாண்டர் டஃப் இதைத் தொடங்க இடம் தேடியபோது உதவியவர் ராம்மோகன் ராய். விவேகானந்தர் படித்ததும், பிரசிடென்சியிலிருந்து நீக்கப்பட்ட சுபாஷ் பின்னர் சேர்ந்து பட்டம் பெற்றதும் இங்கேதான். அருகிலேயே பிதான் சரணியின் 181-ஆம் எண்ணில் பெதூன் கல்லூரி. 1849-இல் ஆங்கிலேய அதிகாரி டிரிங்க்வாட்டர் பெதூன் 21 சிறுமிகளோடு தொடங்கிய பள்ளி இது. நிலம் கொடுத்த தட்சிணாரஞ்சன் முகர்ஜி டெரோசியோவின் மாணவர். செயலாளராக நிர்வாகத்தை ஏற்றவர் வித்யாசாகர். பெண்பிள்ளைகளைத் தெருவில் அழைத்துவரும் வண்டியின் பக்கப்பலகையில், மகளையும் பேணி வளர்த்துப் பெருமுயற்சியோடு கல்வி அளிக்க வேண்டும் என்னும் பொருளுடைய சமஸ்கிருத அடி எழுதப்பட்டிருந்தது. வண்டி போன வீதியெங்கும் அதை எல்லாரும் படிக்க வேண்டியிருந்தது. காதம்பினியும் சந்திரமுகி பாசுவும் இங்கே படித்து 1883-இல் பட்டம் பெற்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டு காதம்பினி, நீங்கள் காலையில் பார்த்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

பெதூன் பெண்கள் கல்லூரி என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போக இயலாது. வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். அங்கிருந்து திரும்புவதற்கு விவேகானந்தர் சாலையில் மேற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் கிரீஷ் பார்க் மெட்ரோ நிலையம் வரும். புத்தகப் பை கனமாக இருந்தால் அந்தச் சாலை முனையிலேயே ஆட்டோ கிடைக்கும்.